ஒருவரும் உடுத்தாத ரோஸ் அங்கி

"மூத்தவ பொறந்தது பச்சையில. சின்னவ வெள்ளையில. இந்த மனுஷன் ஏணியிலேர்ந்து விழுந்து கால ஒடச்சிக்கிட்டது நல்ல ஊதாவுல."

தையலக்கா இப்படித்தான் பேசுவாள். புதிதாகப் பழகுகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். முழிக்க அதில் ஒன்றுமில்லை. கிறிஸ்தவக் கோயிலில் பூசை வைக்கும் சாமியார் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அகலமான அங்கி போட்டுக்கொள்கிறாரே, அதற்கு நாளுக்கேற்ற நிறம் உண்டு. விசேஷமில்லாத வாரங்களில் பச்சை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் ஊதா. பெரிய திருநாள் என்றால் வெள்ளை. வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் நாள் என்றால் சிவப்பு. அந்த அங்கிகளைத் தைத்தே இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். அவள் மண்டைக்குள் மாதங்களே கிடையாது, நிறங்கள்தான்.

அதிலும் ஒரு கூத்து. கோயிலில் பச்சை ஓடும்போதே, அடுத்து வரப்போகும் காலத்துக்காக, இவள் மடியில் ஊதா கிடக்கும். கோயில் ஊதாவுக்கு வரும்போது இவள் வெள்ளைக்குப் போயிருப்பாள். எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தவம் இருக்க, இவள் வீட்டில் மட்டும் வெள்ளைப் பட்டும் ஜரிகையுமாகத் திருநாள் நடந்துகொண்டிருக்கும்.

வேலை நடப்பது வீட்டின் முன்னறையில். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். நடுவில், கழற்றிப் போட்ட பழைய கதவு ஒன்றை இரண்டு உயரமான ஸ்டூல் மேல் கிடத்தியிருப்பார்கள். அதுதான் துணி வெட்டும் மேஜை. ஸ்டூல் இரண்டும் புருஷனுடையவை. அவர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறவர், எல்லாரும் கூப்பிடுவதே பெயிண்டர் என்றுதான். ஸ்டூல் கால்களில் யார் யார் வீட்டுச் சுவர் நிறமோ சொட்டிக் காய்ந்திருக்கும். ஆனால் மேஜை மேல் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. ஈரக் கையோடு உள்ளே வந்த சொந்த மருமகனையே, "அங்கயே நில்லுங்க மாப்ள" என்று வாசலில் நிறுத்தியவள் அவள்.

புருஷன் பெண்டாட்டி சண்டையும் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான்.

"இதப் போயி சிவப்புங்கற? இது மெரூன்."

"மெரூன் நீங்க ஹோட்டலுக்கு அடிக்கிறது. இது சிவப்பு. வேலையப் பாருங்க."

இப்படி நாள் முழுக்க வாயாடுகிற வீட்டில் ஒரே ஒரு நிறத்தைப் பற்றி மட்டும் பெயிண்டர் வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஒரு முறை திறந்தார். "இந்தக் கலர நான் பாத்ரூமுக்குத்தான் அடிச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு அவர் தன் சாப்பாட்டைத் தானே போட்டுத் தின்ன வேண்டியதாயிற்று. அந்த நிறம் ரோஸ்.

தவக்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு. இந்த இரண்டு நாளும், 'போதும், கொஞ்சம் சிரி' என்கிற மாதிரி, சாமியார் ஊதாவை விட்டு ரோஸ் போட்டுக்கொள்ளலாம். விருப்பம் இருந்தால்தான். போட்டே ஆக வேண்டும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வந்த சாமியார்கள் எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை பழகிய இளம் வயதில், அவள் தன்னந்தனியாக வெட்டித் தைத்த முதல் அங்கி இந்த ரோஸ் அங்கிதான். அப்போது ஊர்க் கோயில் பொறுப்பில் இருந்த பங்குச்சாமியார் ஆசைப்பட்டுக் கேட்டது. ஓரம் முழுக்கக் கைத்தையல். முதுகில் வெள்ளி ஜரிகைச் சிலுவை. அங்கி முடிந்தது, அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் விரித்துப் பார்த்து, "நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று திரும்பக் கொடுத்தார். அவருக்கு அடுத்தவர் பாவம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். ரோஸ் ஞாயிறு வந்தால் சொல்லி வைத்தாற்போல் அவருக்குக் காய்ச்சல் வரும். இன்னொருவர் கண்ணாடி முன்னால் தோளில் வைத்துப் பார்க்கும் வரைக்கும் வந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றார். அடுத்த வருஷம் அவரையே காணோம்.

இத்தனைக்கும் அவள் தைத்த மற்ற அங்கிகளைப் போட்டுக்கொண்டு எத்தனையோ கோயில்களில் எத்தனையோ சாமியார்கள் கையை விரித்து நிற்கிறார்கள். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. கோயில் உடுப்பறை அலமாரியில் மடித்துக் கிடக்கிற அந்த ரோஸ்தான் தான் தைத்ததிலேயே உசத்தி என்று அவள் நம்பினாள். அவசரம் தெரியாத வயதில், குறுக்கு வழி தெரியாத கையில் தைத்தது. "ஒரே ஒரு தடவ அது ஒரு ஆள் மேல நடந்து போறதப் பாத்துட்டேன்னா போதும், கத்திரியக் கீழ வச்சிடுவேன்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அறுபது ஆகிவிட்டது.

இப்போதிருக்கும் பங்குச்சாமியார் வாட்டசாட்டமான ஆள். சாயந்திரமானால் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர்ப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். விசில் ஊதினால் தெருக்கோடி வரை கேட்கும். அவரிடமும் தையலக்கா கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, உயிர வேணா கேளுங்க" என்றார் அவர். "அதப் போட்டுக்கிட்டு நின்னா என் டீம் பசங்க என்னை மைதானத்துல கால் வைக்க விட மாட்டானுங்க."

இந்த நிலையில்தான் புனிதர் வந்து சேர்ந்தார்.

அந்தக் கோயில் ஒரு ரொட்டிக்காரப் புனிதரின் பெயரில் கட்டியது. எப்போதோ ஒரு கொடுமையான காலத்தில், வேதக்காரர்களை, அதாவது கிறிஸ்தவர்களை, தன் அடுப்பறையில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர். பிடிபட்டு, மறுதலிக்க மாட்டேன் என்று உயிரை விட்டவர். அவருடைய திருப்பண்டம், அதாவது விரல் எலும்பில் ஒரு சிறு துண்டு, இந்தக் கோயிலுக்குக் கிடைக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டு, கடைசியில் கிடைத்தேவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பேழை. முன்னும் பின்னும் கண்ணாடி. நடுவில் மெல்லிய கம்பியில் கட்டிய அந்தத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு ஆயர், அதாவது பிஷப், வந்து அதைக் கோயில் சுவரில் பதித்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாக ஏற்பாடு. தவக்காலத்தின் நடு ஞாயிறு. ஆம், ரோஸ் ஞாயிறேதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பங்குச்சாமியாரிடமிருந்து ஆள் வந்தது. "அக்கா வீட்டுல இருக்கிற துண்டுத்துணிப் பையத் தூக்கிக்கிட்டு உடனே வரணுமாம்."

போனால், சாமியாரின் மேஜை மேல் பேழை இருந்தது. பக்கத்தில் சாவிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கோயில் அலமாரிச் சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். எந்தப் பூசைக்கு எந்த உடுப்பு என்று எடுத்து வைப்பதும் அவர்தான். நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் ஓட்டை.

"உயிரக் குடுத்தவராச்சே, சிவப்புதான் சரின்னு நல்ல வெல்வெட்டா வாங்கி, பெட்டி உள்பக்கம் ஒட்டியாச்சு" என்றார் சாவிக்காரர். "பல்பப் போட்டுப் பாத்தா புனிதரையே காணோம்."

நிஜம்தான். காலத்தால் பழுப்பேறிய எலும்பு. சிவப்பின் முன்னால் வைத்தால் காய்ந்த காயம் மாதிரி தெரிந்தது. தையலக்கா பையைப் பிரித்தாள். வெள்ளையை வைத்தார்கள், வெள்ளைத் துணியில் ஏதோ அழுக்கு ஒட்டின மாதிரி இருந்தது. பச்சையில் பூசணம் பிடித்தாற்போல் ஆயிற்று. ஊதாவில் ஒரேயடியாக மறைந்துபோனது. பொன் நிறத்தில் ஜரிகை மினுக்கியதே தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. திருச்சபையின் வருஷம் முழுக்க அந்த மேஜை மேல் வந்து போய்விட்டது. புனிதர் எதற்கும் மசியவில்லை.

"வேற ஏதாச்சும் இருக்கா?" என்று சாமியார் பையை வாங்கிக் கவிழ்த்தார். நூல் பிசிறோடு பிசிறாக, பையின் அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த ஒரு ரோஸ் துண்டு வந்து விழுந்தது. தையலக்கா அதைச் சட்டென்று எடுத்து முந்தானைக்குள் வைக்கப் பார்த்தாள். சாமியார் கோல்கீப்பராக இருந்தவர். அவர் கை முந்திக்கொண்டது.

துண்டைப் பேழைக்குப் பின்னால் பிடித்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நகத்துக்கு அடியில் தெரியுமே ஓர் இளஞ்சிவப்பு, அதே நிறம். அதன் முன்னால் அந்தத் துண்டு எலும்பு, இப்போதுதான் மாவு பிசைந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்த ஒருவருடைய விரல் நுனியாக ஆகியிருந்தது.

"அக்கா... உயிரோட இருக்காரு" என்றார் சாமியார், தாழ்ந்த குரலில். "இந்தத் துணி எங்க கிடைக்கும்?"

"கிடைக்காது சாமி" என்றாள் தையலக்கா படக்கென்று. "அந்த மில்ல மூடி எவ்வளவோ நாளாச்சு."

அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சாவிக்காரர் சும்மா இருப்பாரா?

"துணிக்கா பஞ்சம்? நம்ம அலமாரியில முழு அங்கியே தூங்குதே!"

தையலக்கா அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பொசுங்கியிருப்பார்கள். சாவிக்காரருக்கு அது பாராட்டாகப் பட்டது போல. இன்னும் நிமிர்ந்து நின்றார்.

சாமியார் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது உங்க கைவேலை. வெட்டுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா யாரும் போடாம வீணாத்தான கிடக்குது..."

"நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ரோஸ் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, பையைக் கூட எடுக்காமல் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அந்த ரோஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயிண்டரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடையிலும் ரோஸ் இருந்தது. பல்பொடி ரோஸ், பஞ்சுமிட்டாய் ரோஸ், குழந்தைச் சட்டை ரோஸ். அவளுடைய ரோஸ் எங்கேயும் இல்லை. ஒரு கடைப்பையன், "இதுவும் அதுவும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டான். பெயிண்டருக்கே கோபம் வந்துவிட்டது. "தம்பி, கண்ணு டெஸ்ட் பண்ணியிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

மத்தியானம் பெயிண்டர் ஒரு பலகையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, டப்பாக்களைத் திறந்து, சொட்டுச் சொட்டாகக் கலந்து, அந்தத் துண்டின் நிறத்தைக் கொண்டுவரப் பார்த்தார். துணி கிடைக்காவிட்டால் பெட்டிக்குள் பலகையையே வைத்துவிடலாம் என்று அவர் யோசனை. கொண்டுவந்தும் விட்டார், கெட்டிக்காரர்! பலகையும் துண்டும் அண்ணன் தங்கை மாதிரி இருந்தன. ஆனால் பல்பைக் காட்டியபோது பட்டு உள்ளிருந்து சிரித்தது, பலகை சுவராகவே நின்றது.

"சரி, ஒண்ணு பண்ணு" என்றார் அவர், பிரஷைத் துடைத்துக்கொண்டே. "முடியாதுன்னு சொல்லிடு. உன் துணி, உன் இஷ்டம்."

"எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?" தையலக்கா ரோஸ் துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். "அதுல வச்சாத்தான அந்த மனுஷன் உசுரோட தெரியறாரு. என் கண்ணு பாத்துச்சே, பாத்தத இல்லன்னு சொல்ல முடியுமா? ஆனா வயிறு எரியுதுங்க. ஒரு தடவ கூட, ஒரு ஆள் மேல கூட..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயிண்ட் கையால் அவள் முதுகைத் தடவப் போய், பாதியில் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

சாயந்திரம் மைதானத்துக்கே போய்விட்டாள். சாமியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வெட்டறேன் சாமி. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கக்கா. எதுவானாலும் சரி."

"நாளைக்குக் காலைப் பூசைக்கு நீங்க அதப் போட்டுக்கணும். பத்து மணிப் பூசைக்கு ஆயர் அவரு உடுப்போட வந்துடறாரு. நடுவுல இருக்கிற நேரத்துல நான் வெட்டி, பெட்டிக்குள்ள ஒட்டிக் குடுத்துடறேன்."

சாமியார் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி மைதானத்தைப் பார்த்தார். அவருடைய டீம் மொத்தமும் பந்தை விட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "நேரம் பத்துமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார், பத்தாது என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்கிற ஆசையில்.

"அது என் கவலை. உங்க கவலை போட்டுக்கிறது மட்டுந்தான்."

அன்றைக்கு அவர் விசில் அதற்கப்புறம் ஊதவே இல்லையாம்.

ஞாயிறு காலை தையலக்கா முதல் மணி அடிக்கும் முன்பே வந்து, நடுப்பாதையை ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பெயிண்டர், வெளுத்த சட்டையில். பாட்டு ஆரம்பித்தது. கோயில் வாசலில் சாமியார் வந்து நின்றார்.

ரோஸ்! ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் அதில் பட்டு, அந்தப் பெரிய ஆள் ஒரு பெரிய பூவாக நின்றார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. "அட, சாமி எவ்வளவு அழகா இருக்காரு!" என்று பின்னால் ஒரு பெண் குரல் சத்தமாகவே சொன்னது. கால்பந்துப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். தையலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தாள்!

சாமியார் நடந்து வந்தார். கிட்டே வர வர, கண்ணீரைத் துடைத்துக்கொண்ட தையலக்காவின் கண், பழக்கத்தால், வேலையை ஆரம்பித்துவிட்டது.

கழுத்து பின்பக்கம் இழுக்கிறதே. முன் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே. இவர் பெரிய உடம்பு, அதான், என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். தோள் மடிப்பு இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. சரி, அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறார். இதற்குள் சாமியார் அவளைத் தாண்டிப் போனார். முதுகு தெரிந்தது.

சிலுவை கோணல்.

கொஞ்சநஞ்சக் கோணல் இல்லை. பஸ்ஸில் தூங்கி வழிகிற ஆள் பக்கத்து ஆள் மேல் சாய்வாரே, அப்படிச் சாய்ந்திருந்தது. அதற்கு உடம்பைக் குற்றம் சொல்ல முடியாது. நூலோட்டம், அதாவது துணியில் இழை ஓடும் திசை, பார்க்காமல் வெட்டியிருக்கிறாள்; அங்கி மொத்தமும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு தொங்கியது. மடித்து வைத்த துணியில் கோணல் எங்கே தெரியப் போகிறது? ஓர் ஆள் போட்டுக்கொண்டு நடந்தால்தானே தெரியும். ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லையே.

"என்னடி, எப்படி?" என்று பெயிண்டர் காதுக்குள் கேட்டார்.

"கண்றாவி" என்றாள் தையலக்கா.

பூசை முழுக்க அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். இதையா? இந்த முறுக்கலையா நான் உசத்தி உசத்தி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்? வந்த சாமியார்களையெல்லாம் மனசுக்குள் வைதேனே! முதலில் வெட்கமாக இருந்தது. பிரசங்கத்தின் நடுவில் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முன் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கைக்குட்டை நீட்டினாள்.

பூசை முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உடுப்பறைக்குப் போனாள். அங்கே சாமியார் கண்ணாடி முன்னால் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா! வாசல்ல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? எனக்காகவே தைச்ச மாதிரி இருக்காம். என் டீம் கேப்டன் வந்து, 'சாமி, மாஸ்'ங்கறான்!"

"சந்தோஷம் சாமி. கழட்டுங்க, நேரமாச்சு."

சாமியார் கழற்றவில்லை. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். "அக்கா... வெட்டத்தான் வேணுமா? பெட்டிக்குத் தற்காலிகமா சிவப்பே இருக்கட்டுமே. நான் கிறிஸ்துமஸுக்கு முந்தி ஒரு தடவ போட்டுக்கறேன், அடுத்த வருஷம் போட்டுக்கறேன். எவ்வளவு நாள் ஆசைப்பட்டீங்க!"

"கழட்டுங்க சாமி."

"நல்லாத்தானேக்கா இருக்கு!"

"நல்லா இல்ல சாமி!" தையலக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். சாமியார் மேஜைக்கு அந்தப் பக்கம் போனார். அவள் சுற்றி வந்தாள். அவர் இந்தப் பக்கம் வந்தார். சாவிக்காரர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். வாசலில் நின்ற பெயிண்டர், "சாமி, அவ கையில கத்திரி இருக்கும்போது நான் எதிர்த்துப் பேசினதே இல்ல. நீங்களும் பேசாதீங்க" என்று அனுபவத்தைச் சொன்னார்.

தையலக்கா நின்று மூச்சு வாங்கினாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "சாமி, இது எனக்குத் தைக்கத் தெரியாதப்ப தைச்சது. துணி நல்ல துணி. வேலைதான் மட்டம். கழுத்து இழுக்குது, தோள் ஏறி இறங்குது, சிலுவை சரிஞ்சு கிடக்குது. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே! இத இன்னொரு தடவ நீங்க போட்டு நான் பாக்கணுமா? இந்த ரோஸ் புனிதருக்குத்தான் சரி, அவருக்குத் தோளும் இல்ல, கழுத்தும் இல்ல. உங்களுக்கு நான் வேற தைச்சுத் தரேன். நிறம் கிடைக்கலேன்னா எங்க வீட்டுக்காரர விட்டுக் கலக்கச் சொல்லி, வெள்ளைப் பட்ட வாங்கிச் சாயமே போட வைக்கிறேன்."

சாமியார் கண்ணாடியில் தன் முதுகைக் கஷ்டப்பட்டு எட்டிப் பார்த்தார். "எனக்கு நேராத்தான் தெரியுது" என்று முனகிக்கொண்டே, குளிக்கப் போகிற குழந்தை மாதிரி கையைத் தூக்கினார்.

உடம்புச் சூடு ஆறாத அங்கியை மேஜையில் விரித்தாள். உள்துணியைப் பிரித்துத் தள்ளினாள். கத்தரி முதல் வெட்டில் கொஞ்சம் தயங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். என்ன இருந்தாலும் அவளுடைய முதல் பிள்ளை. இந்தத் தடவை நூலோட்டம் பார்த்து, நேராக, முன்பக்கத் துணியில் பெட்டி அளவுக்கு வெட்டினாள். பெயிண்டர் கலந்து பூசிய அதே பலகையின் மேல் மெல்லிய பஞ்சு வைத்து, துணியை இழுத்து, சுருக்கம் இல்லாமல் பின்பக்கம் மடித்து ஒட்டினாள். சாவிக்காரர் மிச்சத் துணியைப் பத்திரமாக மடித்து வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல். ஆயரின் கார் சத்தம் வாசலில் கேட்டபோது பலகை பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தது.

பத்து மணிப் பூசை முடிந்து, ஆயர் பேழையைப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டியதும் கூட்டம் வரிசை கட்டியது. ஒவ்வொருவராக வந்து கண்ணாடியைத் தொட்டு முத்தமிடுவார்கள். பக்கத்தில் பங்குச்சாமியார் வெள்ளைத் துணியோடு நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கொஞ்சம் பின்வாங்கினார்கள், அப்புறம் இன்னும் கிட்டே குனிந்தார்கள். ஒரு பெரியவர், "யாரோ விரல நீட்டின மாதிரி இருக்குப்பா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

தையலக்காவின் முறை வந்தது. அவள் கேட்க வேண்டியவற்றை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மூத்தவள் வீட்டுக் கடன் தீரணும். சின்னவளுக்கு வேலை நிலைக்கணும். கண்ணாடிக்கு முன்னால் குனிந்தாள். பல்பு வெளிச்சத்தில் ரோஸ் பட்டு மெல்லச் சிரித்தது. அதற்கு முன்னால் அந்த விரல் நுனி.

"அக்கா" என்று சாமியார் துடைத்துக்கொண்டே கிசுகிசுத்தார், "அளவு எப்ப எடுக்கறீங்க?"

அவள் திரும்பி, அவருடைய தோளை ஒரு பார்வை பார்த்தாள். வலது தோள் ஒரு மயிரிழை இறக்கம். பந்து பிடித்துப் பிடித்து வந்ததாக இருக்கும். அதற்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும். சிலுவையை வெட்டுவதற்கு முன்னாலேயே நூல் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கழுத்துக்கு உள்பக்கம் கெட்டித் துணி கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. உடம்பில் ஒரு பரபரப்பு ஏறியது. மடத்துத் தையல் கூடத்தில் முதல் முதலாகக் கத்தரியைக் கையில் கொடுத்த நாளில் கூட இப்படி இல்லை.

மறுபடி கண்ணாடியை நெருங்கினாள். அடுக்கி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ரொட்டிக்கார ஐயா" என்றாள், உதடு மட்டும் அசைய, "எனக்கு இந்தக் கண்ணு மட்டும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நல்லாத் தெரியட்டும். இப்பத்தான் எனக்குத் தைக்கவே வருது."

பின்னால் வரிசையில் நின்ற பெயிண்டர் அவள் தோளை மெல்லத் தட்டினார். "நகரு, நாங்களும் கும்பிடணும்ல" என்றார்.